ரிமோட் லொறியின் ஸ்டியரிங் கோளாறுகள்: காரணத்தைக் கண்டறியும் முறை

(விஞ்ஞானம், தொழினுட்பப் பாடங்கள் பயிலும் க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கான பிரயோகப் பாடம்)

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் உங்களால் பின்வருவன இயல வேண்டும்:

1. ரிமோட் லொறியொன்றின் ஸ்டியரிங் தொகுதியின் பகுதிகளை ஒழுங்காகக் கூறல்.
2. ஒரு கோளாற்றின் குறியிலிருந்து அதன் காரணத்தைச் சோதனை மூலம் கண்டறிதல்.
3. அலை, மின்னோட்டம், விசைத் திருப்பம் ஆகிய பாடப்பகுதிகளை இக்கருவியில் பிரயோகித்தல்.
4. இத்தகைய வினாக்களுக்குப் படிமுறையாக விடை எழுதுதல்.

1. அறிமுகம்

சூத்திரங்களை நன்றாக மனனம் செய்த மாணவர்கள் பலர், "ஒரு கருவி சரியாகத் தொழிற்படவில்லை, காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?" என்ற வினாவைக் கண்டதும் தயங்குகின்றனர். எங்கிருந்து தொடங்குவது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் ஞாபகத்துக்கு வரும் காரணங்களையெல்லாம் வரிசையின்றி எழுதிவிட்டுப் புள்ளிகளை இழக்கின்றனர்.

வீட்டிலும் இதுவே நடக்கிறது. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ரிமோட் லொறி ஒருநாள் நேராக ஓட மறுக்கிறது. உடனே திருகாணிகள் எல்லாம் கழற்றப்படுகின்றன. முன்சில்லுகள் கையால் முறுக்கப்படுகின்றன. உள்ளே இருந்த சிறு பற்சில்லு ஒன்று உடைகிறது. அதற்குரிய உதிரிப்பாகம் பெரும்பாலும் ஊர்க்கடையில் கிடைப்பதில்லை. லொறி பெட்டிக்குள் போய்விடுகிறது. இத்தனைக்கும் முதலில் இருந்த கோளாறு, ரிமோட்டிலுள்ள ஒரு சிறு குமிழ் இடம் மாறியிருந்தமை மட்டுமாக இருக்கலாம்.

ஆகவே இப்பாடத்தின் அடிப்படை விதியை முதலிலேயே எழுதிக்கொள்க:

குறி தெரியும் இடம் வேறு. காரணம் இருக்கும் இடம் வேறாகலாம். கழற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

2. ஸ்டியரிங் தொகுதி: ஐந்து கண்ணிகள்

கம்பித் தொடர்பு இல்லாமல் ஓர் ஊர்தியைத் திருப்பலாம் என்பதை நிக்கொலா டெஸ்லா 1898 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவயர் கார்டன் மண்டபத்தில், ஒரு சிறு படகைக் கொண்டு செய்து காட்டினார். இன்றைய விளையாட்டு லொறியிலும் அதே எண்ணமே தொழிற்படுகிறது. கையின் அசைவு சில்லுக்குச் சென்றடையும் வரையுள்ள வழியை ஐந்து கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாகக் கருதலாம்.

கண்ணி 1: ரிமோட் (செலுத்தி). ஸ்டியரிங் குமிழின் அசைவை வானொலி அலையாக அனுப்புகிறது.
கண்ணி 2: வாங்கி. லொறியினுள் இருந்து அலையைப் பெற்று மின் துடிப்பாக மாற்றுகிறது.
கண்ணி 3: சேர்வோ. மின் துடிப்பைச் சுழற்சி அசைவாக மாற்றுகிறது.
கண்ணி 4: சேர்வோக் கையும் இணைப்புத் தண்டுகளும். சுழற்சியைப் பக்க அசைவாக்கிச் சில்லுகளுக்குக் கடத்துகின்றன.
கண்ணி 5: முன்சில்லுகளும் அவற்றின் மூட்டுகளும்.

இவை அனைத்துக்கும் சக்தி வழங்குவது பற்றரி. பற்றரியை ஆறாவது கண்ணி என எண்ண வேண்டாம். ஐந்து கண்ணிகளுக்கும் அடியில் இருக்கும் நிலம் போன்றது அது. ரிமோட்டுக்கு ஒரு பற்றரித் தொகுதியும் லொறிக்கு இன்னொன்றும் உண்டு.

குறிப்பு: ஆரம்ப நிலை லொறிகள் மூன்று வகைப்படும்.

(அ) மிக எளிய வகை: முற்றாக இடம், முற்றாக வலம், நடு என மூன்று நிலைகளே உண்டு. சிறு மோட்டர் ஒன்று தண்டைத் தள்ள, வில் ஒன்று அதை நடுவுக்குக் கொண்டுவரும்.
(ஆ) ஐந்து வயர் சேர்வோ உள்ள வகை: சேர்வோவின் கட்டுப்பாட்டுச் சுற்று பிரதான மின்பலகையில் இருக்கும். இரண்டு வயர்கள் மோட்டருக்கும் மூன்று வயர்கள் மாறுந்தடையிக்கும் உரியவை.
(இ) மூன்று வயர் சேர்வோ உள்ள வகை: கட்டுப்பாட்டுச் சுற்று சேர்வோவுக்குள்ளேயே இருக்கும். நேர், மறை, துடிப்பு என மூன்று வயர்கள். இவ்வகையில் பகுதிகளைத் தனித்தனியே மாற்றலாம்.

இப்பாடம் பெரும்பாலும் (இ) வகையைக் கொண்டு விளக்கப்படுகிறது. மற்றை இரு வகைகளுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

3. சேர்வோ தொழிற்படும் விதம்

சேர்வோப் பெட்டியினுள் சிறிய நேரோட்ட மோட்டர், பற்சில்லுத் தொகுதி, மாறுந்தடையி, கட்டுப்பாட்டுச் சுற்று என்பன உள்ளன.

வாங்கி, வழமையாக ஒரு செக்கனுக்கு 50 தடவை, அதாவது 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, ஒரு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லிசெக்கன் எனில் சேர்வோ நடுவில் நிற்கும். நீளம் 1 மில்லிசெக்கனை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லிசெக்கனை நோக்கிக் கூடினால் மறு பக்கமும் திரும்பும்.

சேர்வோக் கை இப்போது எங்கே நிற்கிறது என்பதை மாறுந்தடையி கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு அறிவிக்கிறது. நிற்க வேண்டிய இடமும் நிற்கும் இடமும் வேறாயின் மோட்டர் சுழலும். இரண்டும் ஒன்றானதும் மோட்டர் நின்றுவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம்.

(i) சில்லு ஏதோ ஒன்றில் சிக்கி நின்றால், நிற்க வேண்டிய இடத்தை அடையும் வரை மோட்டர் முயன்றுகொண்டே இருக்கும். அதனால் மின்னோட்டம் கூடும், இரைச்சல் கேட்கும், சேர்வோ சூடாகும்.
(ii) மாறுந்தடையியில் தூசு படிந்தாலோ அது தேய்ந்தாலோ தவறான செய்தி செல்லும். சேர்வோ நடுங்கும்.

4. சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

1. சில்லுகள் நிலத்தில் படாதவாறு லொறியை ஒரு மரக்குற்றியின் மேலோ கவிழ்த்து வைத்த வெற்றுப் பால்மாத் தகரத்தின் மேலோ வைக்க வேண்டும். இல்லையேல் அது திடீரெனப் பாய்ந்து ஓடக்கூடும்.
2. முதலில் ரிமோட்டின் ஆளியை மூடி, அதன் பின்னரே லொறியின் ஆளியை மூட வேண்டும். நிறுத்தும்போது முதலில் லொறி, பின்னர் ரிமோட்.
3. முன்சில்லுகளைக் கையால் பலமாகத் திருப்பக் கூடாது. சேர்வோவின் பற்சில்லுகள் உடையக்கூடும்.
4. இலிதியம் பற்றரி வீங்கியிருந்தால் அதைப் பயன்படுத்தவோ மின்னேற்றவோ கூடாது. வளர்ந்தவர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.
5. ஒரு தாளில் "குறி, சோதனை, அவதானிப்பு, முடிவு" என நான்கு நிரல்கள் வரைந்துகொள்க. கழற்றும் ஒவ்வொரு திருகாணியின் இடத்தையும் குறித்துவைக்க.

5. சோதனையின் ஒழுங்கு

எளிதானதும் செலவற்றதும் முதலில்; கடினமானதும் மீளப் பொருத்த முடியாததும் இறுதியில். இதுவே ஒழுங்கு.

முதலாவது, ரிமோட்டின் குமிழ்களைப் பார்க்க வேண்டும். ட்றிம் குமிழ் (நடுநிலையைச் சற்று இடமாகவோ வலமாகவோ நகர்த்துவது), டுவல் ரேட் குமிழ் (திரும்பும் அளவைக் கூட்டிக் குறைப்பது), திசைமாற்றும் ஆளி என்பன அவை. இவற்றைப் பார்க்க ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, பற்றரிகள். சாதாரண 1.5 வோல்ற்று அல்கலைன் மின்கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 6 வோல்ற்று கிடைக்கும். மீள மின்னேற்றத்தக்க நிக்கல் வகை மின்கலங்கள் நான்கு எனில் 1.2 × 4 = 4.8 வோல்ற்று மட்டுமே. பழைய மின்கலமும் புதிய மின்கலமும் கலந்து இடப்பட்டிருந்தால் அவற்றை முதலில் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, செருகிகளும் வயர்களும். சேர்வோவின் செருகி வாங்கியில் உரிய இடத்தில், உரிய பக்கமாகச் செருகப்பட்டுள்ளதா? வயர் எங்காவது நசிந்துள்ளதா?

நான்காவது, சங்கிலியை நடுவே பிரித்தல். சேர்வோக் கையிலிருந்து இணைப்புத் தண்டுகளை மட்டும் விடுவித்து, ஸ்டியரிங் குமிழைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அவதானிப்பு அ: சேர்வோக் கை இரு பக்கமும் நன்றாக அசைகிறது. முடிவு: கண்ணி 1, 2, 3 சரி. கோளாறு தண்டுகளிலோ சில்லுகளிலோ உள்ளது.
அவதானிப்பு ஆ: சேர்வோக் கை அசையவில்லை, அல்லது முன்போலவே பிழையாக அசைகிறது. முடிவு: கோளாறு தண்டுகளுக்கு முன்னர் உள்ளது. முன்சில்லுகளைக் கழற்றத் தேவையில்லை.

ஒரே சோதனையில் சங்கிலியின் ஒரு பாதி சந்தேகத்திலிருந்து நீங்கிவிடுகிறது. ஆதலால் இச்சோதனை மிகப் பயனுடையது. பரீட்சை விடையிலும் இதைத் தவறாது குறிப்பிடுக.

6. குறிகளும் காரணங்களும்

6.1 லொறி முன்னும் பின்னும் ஓடுகிறது. ஆனால் சிறிதும் திரும்பவில்லை

லொறி ஓடுவதால் ரிமோட்டிலிருந்து அலை வருகிறது, வாங்கி அதைப் பெறுகிறது, பற்றரியிலும் சக்தி உண்டு என்பவை தெளிவு. ஆகவே சேர்வோவின் செருகி கழன்றிருத்தல், வயர் அறுந்திருத்தல், பற்சில்லு உடைந்திருத்தல், ஸ்டியரிங்குக்குரிய அலைவரிசை மட்டும் பழுதாதல் ஆகியனவே எஞ்சிய காரணங்கள்.

செருகியும் வயரும் சரியெனில் இடமாற்றுச் சோதனையைச் செய்யலாம். முதலில் ஓட்ட மோட்டரின் வயர்களைக் கழற்றிவிட வேண்டும். பின்னர் வாங்கியில் சேர்வோவின் செருகியையும் வேகக் கட்டுப்படுத்தியின் செருகியையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிச் செருக வேண்டும். (பல லொறிகளில் வாங்கிக்குரிய சக்தி வேகக் கட்டுப்படுத்தியின் செருகி வழியாகவே வருவதால், அதை வெளியே எடுத்துவிட்டுச் சோதிக்க இயலாது.) இப்போது வேக விசையை இழுக்கும்போது சேர்வோ அசைந்தால், சேர்வோ நல்லது, ரிமோட்டின் அல்லது வாங்கியின் ஸ்டியரிங் அலைவரிசையே பழுது. சேர்வோ அசையாவிட்டால் சேர்வோவே பழுது.

6.2 சேர்வோ இரைகிறது, சில்லு திரும்பவில்லை

இரைச்சல் இரண்டு வகை. பாரம் ஏதுமின்றிச் சுழலும் ஒலி கேட்டு, கை அசையாவிட்டால் பற்சில்லு உடைந்துள்ளது அல்லது சேர்வோக் கையின் திருகாணி தளர்ந்துள்ளது. அழுந்திய உறுமல் கேட்டால் ஏதோ ஒன்று சிக்கியுள்ளது. இரண்டாவது நிலையில் உடனே ஆளியைத் திறந்து லொறியை நிறுத்த வேண்டும். சேர்வோ எரிந்துபோகலாம். தண்டுகளை விடுவித்த பின் சேர்வோ சுயாதீனமாக அசைந்தால் மூட்டுகளில் மணல், நூல், மயிர், சிறு கல் என்பவற்றைத் தேடுக. தூசு படியும் மூட்டுகளுக்குக் கிறீஸ் பூசுவது நன்மை தராது. கிறீஸில் மணல் ஒட்டி உராய்வைக் கூட்டும்.

6.3 குமிழைத் தொடாதபோதும் லொறி ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் ட்றிம் குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நேராகிவிட்டால் வேலை முடிந்தது. ட்றிம்மை எல்லை வரை திருப்பியும் நேராகாவிட்டால், சேர்வோக் கை ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது தண்டு வளைந்திருக்கலாம். சில்லுகள் நேராக நின்றும் லொறி இழுக்குமாயின், ஒரு சில்லு இறுகியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முன்சில்லையும் விரலால் சுழற்றி விடுக. ஒன்று நீண்ட நேரமும் மற்றது குறுகிய நேரமும் சுழன்றால், விரைவில் நிற்கும் சில்லின் பெயாரிங் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது சுரை அதிகம் இறுக்கப்பட்டிருக்கலாம். அந்தச் சில்லின் பக்கமாகவே லொறி இழுக்கும்.

எளிய வகை லொறிகளில் முன்சில்லுகளுக்கு இடையே, அடிப்பக்கத்தில், நேராக்குவதற்கான சிறு நெம்பு ஒன்று இருப்பதுண்டு. அது தட்டுப்பட்டு இடம் மாறியிருந்தாலும் இதே குறி தோன்றும்.

6.4 இரு பக்கமும் குறைவாகவே திரும்புகிறது

டுவல் ரேட் குமிழ் குறைந்த நிலையில் இருத்தல், ஆரம்பகாரர் அடிக்கடி கோளாறு என மயங்கும் காரணமாகும். அது சரியெனில் சேர்வோ சேவர் என்னும் வில்லுள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். சில்லு கல்லில் மோதும்போது அதிர்ச்சி சேர்வோவின் பற்களுக்குச் செல்லாமல் தாங்குவதே அதன் வேலை. வில் மிகவும் தளர்ந்திருந்தால், சேர்வோ திரும்பும். சில்லு முழுவதும் திரும்பாது. வில் மிகவும் இறுகியிருந்தால் சில்லு நன்றாகத் திரும்பும்; ஆனால் மோதும்போது பற்கள் உடையும். ஆகவே முழுவதும் இறுக்கிவிடுவது தீர்வாகாது.

6.5 சில்லுகள் நடுங்குகின்றன

நடுக்கம் எப்போது வருகிறது என்பதை அவதானிக்க வேண்டும்.

(அ) வேகத்தைக் கூட்டும்போது மட்டும் நடுங்கினால்: பற்றரி வலுவிழந்துள்ளது. ஓட்ட மோட்டர் பெரிய மின்னோட்டத்தை எடுக்கும்போது, பற்றரியின் அகத்தடை காரணமாக அதன் முனைகளுக்கிடையிலான வோல்ற்றளவு குறைகிறது. சேர்வோவுக்கும் வாங்கிக்கும் போதிய வோல்ற்றளவு கிடைப்பதில்லை. முழுமையாக மின்னேற்றிய பற்றரியை இட்டுப் பார்த்து இதனை உறுதி செய்யலாம்.
(ஆ) லொறி தூரம் செல்லும்போது மட்டும் நடுங்கினால்: ரிமோட்டின் மின்கலங்களையும் வாங்கியின் அன்ரனாவையும் பார்க்க வேண்டும்.
(இ) அருகில், ஓடாமல் நிற்கும்போதும் நடுங்கினால்: சேர்வோவின் மாறுந்தடையியைச் சந்தேகிக்கலாம்.
(ஈ) இன்னொருவர் லொறி ஓட்டும்போது மட்டும் நடுங்கினால்: இருவரும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றனர். இது 27 மெகாஹேர்ட்ஸ் போன்ற பழைய முறை ரிமோட்டுகளில் ஏற்படும். 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டுகள் தமது வாங்கியுடன் சோடி சேர்க்கப்படுவதால் இக்குறை அவற்றில் அரிது.

அலைநீளத்தைக் கணிப்போம். வேகம் = மீடிறன் × அலைநீளம்.

27 மெகாஹேர்ட்ஸ்: 300 000 000 ÷ 27 000 000 = ஏறத்தாழ 11.1 மீற்றர்
2.4 கிகாஹேர்ட்ஸ்: 300 000 000 ÷ 2 400 000 000 = 0.125 மீற்றர் = 12.5 சென்ரிமீற்றர்

2.4 கிகாஹேர்ட்ஸ் வாங்கியின் அன்ரனா வயர் நுனியில் உறையற்ற பகுதி ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமாக இருப்பது இதனாலேயே. அது அலைநீளத்தின் காற்பங்கு. பழைய முறை வாங்கியின் நீண்ட அன்ரனா வயரை "தேவையற்ற நீளம்" எனக் கருதி வெட்டிவிடக் கூடாது.

6.6 இடம் திருப்பினால் வலம் செல்கிறது

ரிமோட்டிலுள்ள திசைமாற்றும் ஆளி தவறான நிலையில் உள்ளது. அதை மாற்றினால் போதும். சேர்வோவின் வயர்களை வெட்டி மாற்றக் கூடாது.

7. கோளாறு போலத் தோன்றினும் கோளாறு அல்லாதது

குமிழை முழுவதும் திருப்பியபின் முன்சில்லுகள் இரண்டும் சமாந்தரமாக இல்லாதிருப்பதைக் காணலாம். வளைவின் உட்பக்கச் சில்லு கூடுதலாகவும் வெளிப்பக்கச் சில்லு குறைவாகவும் திரும்பியிருக்கும். பலர் தண்டு வளைந்துவிட்டது என எண்ணி அதை நெளிக்க முற்படுவர்.

வளைவில் செல்லும்போது உட்சில்லு சிறிய வட்டத்திலும் வெளிச்சில்லு பெரிய வட்டத்திலும் செல்கின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒரு சில்லு நிலத்தில் இழுபடும். குதிரை வண்டிகளுக்காக ஜேர்மனியரான ஜோர்ஜ் லாங்கென்ஸ்பேர்கர் அமைத்த இம்முறைக்கு, 1818 ஆம் ஆண்டு ருடொல்ப் அக்கர்மன் இலண்டனில் காப்புரிமை பெற்றார். அதனால் இது அக்கர்மன் அமைப்பு எனப்படுகிறது. ஆகவே இவ்வேறுபாட்டைத் திருத்த முயலக் கூடாது.

8. உதாரணம்: படிமுறையாக ஒரு கோளாற்றைத் தீர்த்தல்

குறி: லொறி நேராக ஓடுகிறது. இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது. வலப்பக்கம் பாதியளவே திரும்புகிறது.

படி 1. ரிமோட்டைப் பார்க்கிறோம். ட்றிம் குமிழ் வலப்பக்க எல்லையில் நிற்கிறது. இது முக்கிய தடயம். யாரோ ஒருவர், இடப்பக்கம் இழுத்த லொறியை நேராக்க ட்றிம்மைப் பயன்படுத்தியுள்ளார்.

படி 2. தண்டுகளை விடுவித்துச் சேர்வோக் கையை மட்டும் அசைத்துப் பார்க்கிறோம். அப்போதும் வலப்பக்கம் குறைவாகவே அசைகிறது. ஆகவே தண்டுகளிலும் சில்லுகளிலும் கோளாறு இல்லை.

படி 3. ட்றிம்மை நடுவுக்குக் கொண்டுவருகிறோம். இப்போது சேர்வோ இரு பக்கமும் சமமாக அசைகிறது. ஆகவே சேர்வோவும் நல்லது. ஆனால் நடுநிலையில் அதன் கை நேராக நிற்காமல் இடப்பக்கம் சரிந்து நிற்கிறது.

முடிவு: சேர்வோக் கை அதன் அச்சில் ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டுள்ளது. அச்சில் 25 பற்கள் எனில் ஒரு பல்லுக்குரிய கோணம் 360 ÷ 25 = 14.4 பாகை. இவ்வளவையும் ட்றிம்மால் ஈடுசெய்ததால், பல ரிமோட்டுகளில் நேர்வது போல, வலப்பக்கம் செல்வதற்குச் சேர்வோவில் எஞ்சிய அசைவு குறைந்துவிட்டது.

திருத்தம்:
1. ரிமோட்டையும் லொறியையும் இயக்கி, ட்றிம்மை நடுவில் வைத்துச் சேர்வோவை நடுநிலைக்கு வரவிடுக.
2. லொறியின் ஆளியைத் திறந்து, கையின் திருகாணியைக் கழற்றிக் கையை வெளியே எடுக்க.
3. கை நேராக நிற்குமாறு மீளப் பொருத்தித் திருகாணியை இறுக்குக.
4. தண்டுகளை இணைக்க. சிறிய சரிவு எஞ்சியிருந்தால் தண்டின் நீளத்தைச் சரிசெய்க.
5. இறுதியாக மட்டும், ஓட்டிப் பார்த்து, ட்றிம்மைப் பயன்படுத்துக.

புதிய சேர்வோக் கை வாங்க நேர்ந்தால் பற்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வழமையான அளவுச் சேர்வோக்களில் ஃபுட்டபா வகை 25, ஹைடெக் வகை 24, சன்வா வகை 23 பற்கள் கொண்டவை. பொருந்தாத கையைப் பலவந்தமாக அழுத்தினால் அது வழுக்கும். ஓரளவு திரும்பி, பின்னர் திரும்ப மறுக்கும்.

9. விசைத் திருப்பத்தைப் பிரயோகித்தல்

ஒரு சேர்வோவின் மீது "6 வோல்ற்றில் 3 கிலோகிராம் சென்ரிமீற்றர்" எனக் குறிக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அச்சிலிருந்து 1 சென்ரிமீற்றர் தூரத்தில் 3 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமமான விசையை அது வழங்கும் என்பது இதன் கருத்து. ஈர்வை ஆர்முடுகலை 10 எனக் கொண்டால்:

விசை = 3 × 10 = 30 நியூற்றன்
விசைத் திருப்பம் = 30 × 0.01 = 0.3 நியூற்றன் மீற்றர்

தண்டை 1.5 சென்ரிமீற்றர் தூரத்துத் துளையில் இணைத்தால் விசை = 0.3 ÷ 0.015 = 20 நியூற்றன்.

வெளித்துளையில் இணைக்கும்போது தண்டு கூடிய தூரம் அசையும். ஆனால் விசை குறையும். "கூடுதலாகத் திரும்பட்டும்" என்று வெளித்துளைக்கு மாற்றியவரின் லொறி, நின்ற நிலையில் கரடான நிலத்தில் திரும்ப மறுப்பது இதனாலாகும். அசைவில் பெறும் நயத்தை விசையில் இழக்கிறோம்.

10. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

1. "சேர்வோ பழுதாகியிருக்கலாம்" என்று மட்டும் எழுதுவது ஊகம். "தண்டுகளை விடுவித்த பின்னும் சேர்வோ அசையவில்லை, எனவே கோளாறு தண்டுகளுக்கு முன்னர் உள்ளது" என்பது முடிவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்க.
2. தரப்பட்ட குறியிலிருந்து எவை சரியாக உள்ளன என்பதையும் எழுதுக. "லொறி ஓடுகிறது" என்ற தரவை வீணாக விடாதீர்கள்.
3. எளிய சோதனையை முதலிலும் கழற்றும் வேலையை இறுதியிலும் எழுதுக.
4. பாதுகாப்பு நடவடிக்கை ஒன்றையேனும் குறிப்பிடுக.
5. ஒரே நேரத்தில் பற்றரியையும் சேர்வோவையும் மாற்றுவதாக எழுத வேண்டாம். லொறி சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாது போய்விடும்.

11. பயிற்சி வினாக்கள்

வினா 1. ஒரு ரிமோட் லொறி முன்னும் பின்னும் நன்றாக ஓடுகிறது, ஆனால் திரும்பவில்லை. பின்வருவனவற்றுள் இதற்குக் காரணமாக இருக்க முடியாதது எது?
(1) சேர்வோவின் செருகி கழன்றிருத்தல்
(2) சேர்வோவின் பற்சில்லு உடைந்திருத்தல்
(3) ரிமோட்டின் மின்கலங்கள் முற்றாக வலுவிழந்திருத்தல்
(4) சேர்வோக் கையின் திருகாணி தளர்ந்திருத்தல்

வினா 2. சேர்வோ அச்சொன்றில் 24 பற்கள் உள்ளன. கை ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டால் அது எத்தனை பாகை சரிந்து நிற்கும்?

வினா 3. 0.3 நியூற்றன் மீற்றர் விசைத் திருப்பம் வழங்கும் சேர்வோவின் கையில் அச்சிலிருந்து 2 சென்ரிமீற்றர் தூரத்தில் தண்டு இணைக்கப்பட்டுள்ளது. தண்டின் மீதுள்ள விசை யாது?

வினா 4. உமது நண்பனின் லொறியில், ஸ்டியரிங் குமிழைத் திருப்பும்போது சேர்வோ அழுந்திய ஒலியுடன் இரைகிறது, சில்லுகள் திரும்பவில்லை. காரணத்தைக் கண்டறிய நீர் மேற்கொள்ளும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுக.

விடைகள்

1. விடை (3). ரிமோட்டின் மின்கலங்கள் முற்றாக வலுவிழந்திருந்தால் லொறி ஓடவும் மாட்டாது.

2. 360 ÷ 24 = 15 பாகை.

3. 0.3 ÷ 0.02 = 15 நியூற்றன்.

4. மாதிரி விடை: சேர்வோ சூடாகாதிருக்க உடனே லொறியின் ஆளியைத் திறப்பேன். சில்லுகள் நிலத்தில் படாதவாறு லொறியை உயர்த்தி வைப்பேன். இரைச்சல் கேட்பதால் சேர்வோவுக்குச் சக்தியும் துடிப்பும் கிடைக்கின்றன. ஆகவே ரிமோட், வாங்கி, வயர்கள் என்பன பெரும்பாலும் சரியானவை. முன்சில்லுகளையும் மூட்டுகளையும் கண்ணால் பார்த்து மணல், நூல் என்பன சிக்கியிருந்தால் அகற்றுவேன். பின்னரும் குறி நீடித்தால் சேர்வோக் கையிலிருந்து தண்டுகளை விடுவித்து மீண்டும் இயக்கிப் பார்ப்பேன். சேர்வோ சுயாதீனமாக அசைந்தால் கோளாறு தண்டுகளிலோ மூட்டுகளிலோ உள்ளது. ஒவ்வொரு மூட்டாக விரலால் மெதுவாக அசைத்து இறுகியதைக் கண்டறிவேன். அப்போதும் சேர்வோ அசையாது இரைந்தால் அதன் பற்சில்லுகள் சிக்கியுள்ளன என முடிவு செய்து, அதன் பின்னரே சேர்வோவைக் கழற்றுவேன்.

மாணவர்களே, இம்முறை ரிமோட் லொறிக்கு மட்டும் உரியதன்று. துவிச்சக்கர வண்டியின் டைனமோ விளக்கு எரியாதபோதும், நீர்ப்பம்பி இயங்கியும் நீர் வராதபோதும் இதே வழியைக் கையாளலாம். சங்கிலியின் கண்ணிகளை எழுதுக. எவை சரியென்று குறியே சொல்கிறது எனப் பார்க்க. நடுவே பிரித்துச் சோதிக்க. திருகாணியைக் கழற்றுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்க.